கட்டாய இற்றைப்படுத்தல்: தாம்பரம் வட்டார வீட்டுக் கணினிகளின் வரலாறு

கணினியின் உரிமையாளர் கேட்காமலும், சில வேளைகளில் அவர் மறுத்த பின்னரும், இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது கட்டாய இற்றைப்படுத்தல் எனப்படும். பேச்சு வழக்கில் இது ‘அப்டேட்’ என்றே வழங்குகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் எனத் தொடர்வண்டிப் பாதையின் இருபுறமும் பரந்துள்ள தென்சென்னைப் புறநகரில், 1990களின் பிற்பகுதியிலிருந்து வீட்டுக் கணினிகள் பெருகின. அவற்றை வாங்கியவர்களில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆலைப் பணியாளர்களும் சிறுதொழில் செய்வோரும் இருந்தனர். பெரும்பாலான வீடுகளில் ஒரே கணினிதான் இருந்தது. அதை வீட்டிலிருந்த எல்லோரும் பகிர்ந்துகொண்டனர்.

இக்கணினிகளின் வரலாற்றில் இரண்டு உண்மைகள் தொடர்ந்து மோதி வந்துள்ளன. புதுப்பிக்கப்படாத கணினி ஆபத்தானது என்பது ஒன்று. புதுப்பிக்கும் நேரத்தைத் தொலைவிலுள்ள நிறுவனம் முடிவு செய்தால், அதற்குச் செலவாகும் மின்சாரம், தரவு, நேரம் ஆகிய மூன்றையும் வீட்டுக்காரரே ஏற்க வேண்டியுள்ளது என்பது மற்றொன்று. ஆகவே இப்புறநகர் வீடுகளில் எழுந்த கேள்வி ‘புதுப்பிக்கலாமா, வேண்டாமா’ என்பதைவிட, ‘எப்போது என்று யார் சொல்வது’ என்பதாகவே இருந்தது.

இற்றைப்படுத்தல் ஏன் தேவை?

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் பயனர் இயக்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். அது கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல் என்பதால், வெளியான பிறகும் அதில் குறைகள் கண்டறியப்பட்டுக்கொண்டே இருக்கும். அக்குறைகளுள் சில, வெளியாள் ஒருவர் இணையம் வழியே கணினிக்குள் நுழைய வழிவிடும் ஓட்டைகள். அவற்றை அடைக்கும் சிறு நிரல்களே பாதுகாப்புத் திருத்தங்கள். புதிய வசதிகளைச் சேர்க்கும் பெரிய இற்றைப்படுத்தல்களும், ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாற்றும் மேம்படுத்தல்களும் இவற்றிலிருந்து வேறானவை. கதவின் பழுதான பூட்டை மாற்றுவது முதல் வகை. வீட்டையே இடித்துக் கட்டுவது மூன்றாம் வகை. இம்மூன்றும் ஒரே வழியாக, ஒரே பெயரில் கணினிக்குள் வந்ததே பின்னாளைய குழப்பங்களுக்கு முக்கியக் காரணம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998-இல் விண்டோஸ் 98 உடன் ‘விண்டோஸ் அப்டேட்’ என்னும் இணையவழிச் சேவையைத் தொடங்கியது. அப்போது பயனரே அந்தத் தளத்துக்குச் சென்று வேண்டியதைத் தேர்ந்தெடுத்தார். 2000-இல் வெளிவந்த விண்டோஸ் மி பதிப்பில் தானியங்கி இற்றைப்படுத்தல் அறிமுகமானது. 2003 அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கம் வந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும் திருத்தம், பருவத்தைப் பொறுத்து இந்திய நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணிக்கு வந்து சேரும். எனவே அங்கே செவ்வாய்க்கிழமை வேலையாக இருப்பது, தாம்பரத்தில் பெரும்பாலும் புதன்கிழமை காலைத் தொல்லையாக இருந்தது.

தொலைபேசி இணைப்பும் குறுவட்டும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியே, மோடத்தின் உதவியுடன் வந்தது. இணையத்தில் இருக்கும் வரை வீட்டுத் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது; அழைப்புக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். 56 கேபிபிஎஸ் எனச் சொல்லப்பட்ட மோடம், நடைமுறையில் நொடிக்கு நான்கைந்து கிலோபைட் தந்தாலே பெரிது.

அக்காலத்தில் பலர் கணினியைச் சென்னை அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில் உதிரிபாகங்களாக வாங்கி, ஒன்றுசேர்த்து, மின்தொடர் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தனர். இயங்குதளத்தைக் கடைக்காரரே நிறுவித் தருவார். அது உரிமம் பெற்ற படியா என்று கேட்டவர்கள் குறைவு. உரிமம் இல்லாத படியை வைத்திருந்தவர்கள், இற்றைப்படுத்தினால் அது கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று அஞ்சி அந்த வசதியை அணைத்து வைத்தனர். இப்படி, புதுப்பித்தலைத் தவிர்க்கும் பழக்கம் கணினியுடனேயே வீட்டுக்குள் வந்தது.

இப்பழக்கத்தின் விலை 2003-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 முதல் ‘பிளாஸ்டர்’ என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றிலிருந்த ஓட்டையை அது பயன்படுத்திக்கொண்டது. பயனர் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும். தொற்றிய கணினியில் ஓர் அறிவிப்புப் பெட்டி தோன்றி, அறுபதிலிருந்து நொடிகளை எண்ணிக் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். இந்த ஓட்டைக்கான திருத்தம் ஜூலை 16 அன்றே, அதாவது புழு பரவுவதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை நிறுவாதவர்கள், பின்னர் அதைப் பதிவிறக்க இணையத்துக்குச் சென்றால், பதிவிறக்கம் முடிவதற்குள் கணினி அணைந்து மீண்டும் எழும். கணினி அறிந்த நண்பர்கள் திருத்தத்தை நெகிழ்வட்டில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்ற காலம் அது.

பிளாஸ்டர் தந்த பாடத்தால், 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு தீயரணை இயல்பாகவே இயங்கச் செய்தது. தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கி வைக்கும்படியும் பயனரை வற்புறுத்தியது. அதன் முழுத் தொகுப்பு ஏறத்தாழ 266 எம்பி. நொடிக்கு ஐந்து கிலோபைட் வேகத்தில் அதை இறக்கப் பதினைந்து மணி நேரத்துக்கு மேலாகும். மைக்ரோசாப்ட் அதைக் குறுவட்டிலும் இலவசமாக அனுப்பியது. கணினி இதழ்களின் இணைப்புக் குறுவட்டுகளிலும் அது கிடைத்தது. புறநகர் வீடுகளுக்கு உண்மையில் உதவியது இந்த வழிதான். ஒரு குறுவட்டு ஒரு தெருவுக்கே பயன்பட்டது. எந்த நாளில், எந்த நேரத்தில் நிறுவுவது என்பதும் வீட்டுக்காரரின் கையில் இருந்தது.

அளந்து தரப்பட்ட அகலப்பட்டை

2004 அக்டோபரில் நடுவண் அரசு அறிவித்த அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபின், தாம்பரம் சுற்றுவட்டார வீடுகளில் எப்போதும் இயங்கும் இணைய இணைப்பு பரவலாயிற்று. தொலைபேசி இடையூறு நீங்கியது. ஆனால் இணைப்பு அளந்து தரப்பட்டது. குறைந்த கட்டணத் திட்டங்களில் மாதத்துக்கு 1 ஜிபி வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் ஒவ்வோர் எம்பிக்கும் தனிக் கட்டணம் உண்டு.

இங்கேதான் ‘தானியங்கி’ என்னும் சொல்லின் பொருள் மாறியது. தொலைபேசி இணைப்பில் பயனர் இணைத்தால்தான் எதுவும் நடக்கும். அகலப்பட்டையில் கணினி இயங்கும் வரை, திரைக்குப் பின்னால் பதிவிறக்கம் நடந்துகொண்டே இருக்கும். மாத அளவு 1 ஜிபி என்றால், ஒரே சேவைத் தொகுப்பு அதில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் நாள்தோறும் இறக்கிக்கொள்ளும் கோப்புகள் தனி. மாத இறுதியில் எதிர்பாராத தொகையுடன் பட்டியல் வந்தபோது, பிள்ளைகள் அதிக நேரம் இணையத்தில் இருந்ததே காரணம் என்று வீடுகளில் முடிவு கட்டப்பட்டது. உண்மைக் காரணம் பல வேளைகளில் யாரும் கேட்காமல் வந்திறங்கிய இற்றைப்படுத்தலாக இருந்தது.

இதற்கு மக்கள் கண்ட தீர்வு சுவையானது. பிஎஸ்என்எல்லின் மாதம் 500 ரூபாய்த் திட்டமொன்றில் பகற்பொழுதுக்கு 2.5 ஜிபி வரம்பும், அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை வரம்பில்லாப் பயன்பாடும் இருந்தன. பலர் தானியங்கி இற்றைப்படுத்தலை அணைத்துவிட்டு, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு மீண்டும் உறங்கச் சென்றனர். எட்டு மணிக்குமுன் மோடத்தை அணைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விதியாயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியில் இற்றைப்படுத்தும் மணியைக் குறிக்கும் வசதி இருந்தது. அதன் இயல்பு அமைப்பு அதிகாலை 3 மணி. இந்த நேரத்தைத் தற்செயலாகச் சரியாகப் பயன்படுத்திக்கொண்ட வீடுகள், இரவெல்லாம் கணினியை இயக்கத்தில் வைத்தன.

மின்வெட்டு

இற்றைப்படுத்தலின்போது கணினியை அணைக்கக்கூடாது என்பது திரையில் தோன்றும் முதல் எச்சரிக்கை. இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகள் பயன்பாட்டில் இருக்கும்போது அவற்றை மாற்ற இயலாது. ஆகவே கணினி அணையும்போதோ எழும்போதோதான் பழைய கோப்பை எடுத்துப் புதியதை வைக்க முடியும். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால், பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கணினி எழ இயலாமல் போகலாம். பிற்காலப் பதிப்புகள், தோல்வியுற்றால் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தன. அதுவும் நீண்ட நேரம் பிடிக்கும்; அதற்கும் மின்சாரம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012 பிப்ரவரி இறுதியில் சென்னையிலும் மின்வெட்டு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக உயர்ந்தது. பிற மாவட்டங்களின் நிலை இதைவிடப் பன்மடங்கு மோசமாக இருந்தது. வீட்டுக் கணினிக்கான சிறிய யுபிஎஸ் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடம் தாங்கும். அறிவித்த மின்வெட்டுக்கு முன் கணினியை அணைக்க முயன்றவர், ‘இற்றைப்படுத்தல் நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம்’ என்னும் திரையைக் கண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. யுபிஎஸ் கத்தத் தொடங்கும். திரையில் விழுக்காடு நகராது. இயங்குதளத்தை வடிவமைத்தவர்களின் கணக்கில் இடம்பெறாத சூழல் இது. நிற்காத மின்சாரமும் அளக்கப்படாத இணையமும் இருக்கும் என்பதே அவர்களின் எடுகோள்.

எக்ஸ்பியின் முடிவும் குரோம்பேட்டையின் பங்கும்

இற்றைப்படுத்தலைத் திணிப்பதைப் போலவே அதை நிறுத்துவதும் ஒரு கட்டாயமே. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியது. 2001-இல் வெளியான அந்த இயங்குதளம் அப்போதும் இந்திய வீடுகளிலும் வங்கிகளின் தானியங்கிப் பணப்பொறிகளிலும் பெருமளவில் இயங்கியது. புறநகரின் டிடிபி கடைகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. திருமண அழைப்பிதழ், பள்ளி வினாத்தாள், கோயில் விழாத் துண்டறிக்கை ஆகியவை பேஜ்மேக்கர் மென்பொருளில், ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அமைக்கப்பட்டன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-இல். புதிய விண்டோஸுக்கு மாறினால் பல்லாண்டு வேலைகளின் கோப்புகளே பயனற்றுப்போகும் அச்சம் இருந்தது. பல கடைக்காரர்கள் எக்ஸ்பி கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அச்சுப்பொறிக்கு மட்டுமென ஒதுக்கி வைத்தனர். கையிலிருந்த வசதிக்கு அது அறிவார்ந்த முடிவே.

இந்நேரத்தில் மாற்றுவழி ஒன்று அருகிலேயே உருவாகியிருந்தது. குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் நிறுவிய எம்ஐடி எனப்படும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஒன்று. அவ்வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சிடாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும் இணைந்து, 2005-இல் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடுவண் அரசின் நிதியுதவியுடன் தொடங்கின. இம்மையம் பொறியியல் கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருள் பாடங்களைக் கொண்டுவரப் பாடுபட்டது. டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு சிடாக் சென்னை உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் 2007 ஜனவரியில் வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பட்டியல்களையும் கட்டளைகளையும் காட்டுவது அதன் சிறப்பு.

மாநில அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில் லினக்சுக்கு மாறும் முயற்சியைத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, முதலில் லினக்சு மட்டுமே கேட்ட ஒப்பந்தப்புள்ளி பின்னர் மாற்றப்பட்டு, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் ஆகிய இரண்டும் ஒரே கணினியில் வந்தன. முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள் என அறிவிக்கப்பட்டது. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. மின்கலம் இருந்ததால் மின்வெட்டைத் தாங்கியது. ஆனால் வீட்டில் இணைய இணைப்பு இல்லாததால், ஆண்டுக்கணக்கில் எந்தத் திருத்தமும் பெறாமல் இயங்கியது. பிறகு ஒருநாள் முன்பணம் கட்டிய டேட்டா கார்டைச் செருகியதும், சேர்ந்து கிடந்த திருத்தங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கி, செலுத்திய பணத்தை முடித்துவிடும்.

எக்ஸ்பி ஆதரவு முடிந்த 2014-இல், தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசுத் துறைகள் பாஸ் லினக்சை நிறுவிக்கொள்ள அறிவுறுத்தியது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் நாட்காட்டிக்கு, உள்ளூரில் உருவான இயங்குதளத்தைக் கொண்டு விடைசொல்லும் முயற்சி அது. ஆயினும் வீடுகளில் பாஸ் பரவலாக வேரூன்றவில்லை. அச்சுப்பொறி, தேர்வு விண்ணப்பத் தளங்கள், கணக்கு மென்பொருள், விளையாட்டு ஆகியவை விண்டோஸையே எதிர்பார்த்தன. பழுதுநீக்கும் கடைக்காரருக்குத் தெரிந்ததும் அது ஒன்றே.

விண்டோஸ் 10: மறுக்க முடியாத விருந்தாளி

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வரை இலவச மேம்படுத்தல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, வழக்கமான இற்றைப்படுத்தலாக வந்த சிறு நிரல் ஒன்று, திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸ் சின்னத்துடன் வந்து அமர்ந்து அழைப்பு விடுக்கத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கி வைத்திருந்த கணினிகளில், பயனர் கேட்காமலே நிறுவற்கோப்புகள் இறக்கப்படுவதை மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. அவற்றின் அளவு 3.5 முதல் 6 ஜிபி வரை. அந்நாளில் கைப்பேசி இணைப்பில் ஒரு ஜிபி தரவின் விலை ஏறத்தாழ 250 ரூபாய். அக்கணக்கில், கேட்காத ஒரு மேம்படுத்தலின் விலை 875 முதல் 1,500 ரூபாய். இந்தியாவில் தரவு விலையை அடியோடு சரித்த ஜியோவின் வணிகச் சேவை தொடங்கியது 2016 செப்டம்பர் 5 அன்று. இலவச மேம்படுத்தல் முடிந்தது அதே ஆண்டு ஜூலை 29 அன்று. கட்டாயம் வந்து போன ஐந்து வாரங்களுக்குப் பிறகே மலிவு வந்தது.

2016 பிப்ரவரியில் மேம்படுத்தல் ‘பரிந்துரைக்கப்பட்ட’ வகைக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அழைப்புப் பெட்டியின் நடத்தையே மாறியது. பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடும். ஆனால் குறித்த நேரத்தில் மேம்படுத்தல் நடக்கும். ‘வேண்டாம்’ என்று சொல்லப் பல ஆண்டுகளாகப் பயனர்கள் பழகிய குறி, ‘சரி’ என்று கொள்ளப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பயண முகமை நடத்திய ஒருவர், விரும்பாத மேம்படுத்தலால் தம் அலுவலகக் கணினி முடங்கியதாக வழக்குத் தொடுத்து, 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். எதிர்ப்பு வலுத்ததால், ஜூன் இறுதியில் தெளிவாக மறுக்கும் பொத்தானைச் சேர்ப்பதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.

விண்டோஸ் 10 வந்த பிறகு வேறொரு சிக்கல் எழுந்தது. வீட்டுப் பயனருக்கான ஹோம் பதிப்பில் இற்றைப்படுத்தலை நிறுத்தும் தெரிவே இல்லை. தொழில்முறைப் பதிப்புக்குக் கூடுதல் பணம் கட்டியவர்கள் அதைத் தள்ளிப்போடலாம். மேலும், ஹோம் பதிப்பு இறக்கிய கோப்புகளை இணையத்தின் வழியே பிறருடைய கணினிகளுக்கு அனுப்பும் வசதியும் இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தது. அளந்து பணம் கட்டிய வீட்டு இணைப்பு, அறியாமலே பிறர்க்கும் பயன்பட்டது.

மறுத்தவர்கள் பட்ட இழப்பு

இத்தகைய அனுபவங்களுக்குப் பின், இற்றைப்படுத்தும் சேவையையே முடக்கிவிடும் வழிமுறைகள் கடைகளிலும் நண்பர்களிடையேயும் பரவின. அதன் விளைவு 2017-இல் வெளிப்பட்டது. மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் பிணைப்பண நிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை, அத்திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள். தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் இத்தாக்குதலுக்கு உள்ளானது. ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது.

பிளாஸ்டரும் வான்னாகிரையும் சொல்வது ஒன்றே: திருத்தம் முன்பே இருந்தது, அது கணினிக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் அது சேராததற்குக் காரணம் மக்களின் சோம்பல் மட்டுமன்று. பாதுகாப்புத் திருத்தத்தையும் விரும்பாத மேம்படுத்தலையும் ஒரே வாசல் வழியே அனுப்பியதால், இரண்டாவதை மறுக்க முதலாவதையும் மறுக்க வேண்டியதாயிற்று. நம்பிக்கை ஒருமுறை குலைந்தால், நல்லதும் வாசலில் நின்றுவிடும்.

காத்திருந்தவர்களும் சில வேளைகளில் சரியாகவே இருந்தனர். 2018 அக்டோபரில் வந்த பெரிய இற்றைப்படுத்தல், சில பயனர்களின் ஆவணக் கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டு, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது. 2024 ஆகஸ்டில் வந்த பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, விண்டோஸும் லினக்சும் சேர்ந்திருந்த பல கணினிகளில் லினக்சு எழ இயலாதபடி செய்தது.

நேரத்தைத் திரும்பப் பெறுதல்

பயனர்களின் தொடர்ந்த எதிர்ப்பால் தெரிவுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. 2016 ஆகஸ்டில் ‘பணி நேரம்’ என்னும் வசதி வந்தது. அந்நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. 2017 ஏப்ரலில் அதை 18 மணி நேரம் வரை நீட்டிக்க முடிந்தது. 2019 மே மாதப் பதிப்பில், ஹோம் பயனர்களும் ஏழு ஏழு நாட்களாக 35 நாட்கள் வரை இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போடும் உரிமை பெற்றனர். இணைப்பை ‘அளக்கப்படும் இணைப்பு’ எனக் குறித்துவைத்தால் பெரிய பதிவிறக்கங்கள் நிற்கும் என்பதும் பரவலாக அறியப்பட்டது. அதே 2019-ஆம் ஆண்டு இற்றைப்படுத்தலில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஒலிப்புமுறை விசைப்பலகைகளும் வந்தன. எக்ஸ்பி காலத்தில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியவே நிறுவற்குறுவட்டைத் தேடித் தனிக் கோப்புகளைச் சேர்க்க வேண்டியிருந்ததை நினைத்தால், புதுப்பித்தல் தமிழுக்குத் தந்த நன்மையும் புலப்படும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, பாடமும் அலுவலும் வீட்டுக் கணினிக்கே வந்தன. அவ்வாண்டு ஜனவரி 14 அன்றுதான் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்திருந்தது. வகுப்பு நடுவே கணினி மறுதொடக்கம் ஆனால் ஒரு பாடவேளை போய்விடும். மைக்ரோசாப்ட் நிறுவனமே மே மாதம் முதல் அவசியமல்லாத இற்றைப்படுத்தல்களைச் சில காலம் நிறுத்தி வைத்தது. வேலை செய்பவரின் நேரம் மதிக்கத்தக்கது என்பதை ஒரு பெருந்தொற்று உணர்த்தியது.

லினக்சு வழங்கல்களில் பொதுவாக இற்றைப்படுத்தல் இருப்பதை அமைப்பு அறிவிக்கும். நேரத்தைப் பயனர் தேர்ந்தெடுப்பார். பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் நிறுவிக்கொள்ளவும் வழியுண்டு. ஆயினும் அவ்வுலகமும் கட்டாயத்திலிருந்து முற்றிலும் விலகியதன்று. உபுண்டுவின் ‘ஸ்னாப்’ தொகுப்புகள் நெடுங்காலம் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. அவற்றைக் காலவரையின்றி நிறுத்திவைக்கும் வசதி 2022 இறுதியில்தான் கிடைத்தது.

இன்றைய நிலை

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதற்கு ஒரு மாதம் முன், அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளியாகியிருந்தது. இன்று இப்பகுதியில் கண்ணாடி இழை இணைப்பு பரவலாகிவிட்டது. 5 ஜிபி பதிவிறக்கம் சில நிமிட வேலை. மின்வெட்டும் அந்நாள்போல் இல்லை. தரவும் மின்சாரமும் தீர்ந்த சிக்கல்கள் எனலாம். மீந்திருப்பது கணினியின் ஆயுள்.

விண்டோஸ் 11 இயங்க, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2018-க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் நீட்டிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. நல்ல நிலையில் ஓடும் பழைய கணினியை வைத்திருக்கும் குடும்பத்துக்கு முன் மூன்று வழிகள் உள்ளன: நீட்டிப்பில் பதிவு செய்வது, புதிய கணினி வாங்குவது, அல்லது லினக்சுக்கு மாறுவது. பழைய கணினியில் எழுத்துவேலைக்கும் இணையத்துக்கும் இலகுவான லினக்சு வழங்கல் ஒன்று போதுமானது. வங்கிக் கணக்கைக் கையாளும் கணினியைத் திருத்தம் இல்லாமல் வைத்திருப்பது மட்டும் வழியன்று.

அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பதிவிறக்கியவர்கள் புதுப்பித்தலின் எதிரிகள் அல்லர். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது புதுப்பித்தவர்கள் அவர்கள். தங்கள் வீட்டுக்கு ஏற்ற மணியைத் தாங்களே குறிக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. இருபதாண்டுகளில் அந்த உரிமையில் ஒரு பகுதி கிடைத்துள்ளது. நன்றாக ஓடும் கணினி எந்த நாளில் பழையதாகிறது என்பதை முடிவு செய்யும் உரிமை மட்டும் இன்னும் வீட்டுக்காரரிடம் வந்து சேரவில்லை.